கிளிக்குப் பாலும் பழமும்

கிளி வளர்த்த வீடுகளில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. "பாலும் பழமும் ஊட்டி வளர்த்தேன்" என்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிற தாயும் இதையே சொல்வாள். கூண்டு திறந்திருந்த நேரம் பார்த்துப் பறந்துவிட்ட கிளியை நினைத்து ஏங்குகிற பாட்டியும் இதையேதான் சொல்வாள். அன்பை அளப்பதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய மரக்கால் கிடையாது.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பறவைக்குப் பால் ஜீரணமாவதில்லை.

பால் என்பது குட்டி போட்டுப் பாலூட்டும் ஜாதிகளுக்கு ஏற்பட்ட ஆகாரம். அதிலுள்ள சர்க்கரையை உடைத்து உடம்பில் சேர்ப்பதற்கு ஒரு தனி நொதி வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்து, தாய்ப்பறவை தன் தொண்டைப் பையிலிருந்து கக்கிக் கொடுத்ததைத் தின்று வளர்ந்த ஜீவனுக்கு அந்த நொதியால் என்ன பிரயோஜனம்? இயற்கை அதைக் கொடுக்கவில்லை. ஆகவே பாலைக் கொஞ்சம் கொடுத்தால் வெளியே தெரியாது. தினமும் கொடுத்தால் வயிறு போகும். பாலில் ஊறவைத்த சோறு வெயில் காலத்தில் கிண்ணத்தில் கிடந்தால் சீக்கிரமே புளித்துவிடும். அதைத் தின்று கிளி சுருண்டு உட்கார்ந்தால், "கண் பட்டுவிட்டது" என்று சுற்றிப் போட்ட வீடுகள் எத்தனையோ!

பின் ஏன் பால் கொடுத்தோம்? கிளி கேட்டதா? இல்லை. நமக்குப் பால் உயர்ந்த ஆகாரம். குழந்தைக்கு அதைக் கொடுத்தோம், நோயாளிக்குக் கொடுத்தோம், சுவாமிக்கு அபிஷேகம் செய்தோம். ஆகவே கிளிக்கும் கொடுத்தோம். கிளிக்கு மனிதன் சாப்பாடு போட்ட சரித்திரத்தை எந்தப் பக்கத்தில் புரட்டினாலும் இந்த விஷயம்தான் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு காலத்திலும் நம் இலையில் எது உயர்வாக இருந்ததோ, அல்லது நம் நிலத்தில் எது மலிந்து கிடந்ததோ, அது கிளியின் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது. கிளியின் வயிற்றை யாரும் விசாரித்ததில்லை.

கிளியின் சரித்திரம் என்றால் மதுரைக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ போகத் தோன்றும். மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. முன்பு அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தோளில் இருக்கிற கிளியோ மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு தினமும் புதிதாகக் கட்டப்படுவது. பூ மூக்கும் இலை உடம்புமாக இருக்கிற அந்தக் கிளி ஒன்றுதான் தமிழ்நாட்டில் யாரிடமும் சாப்பாட்டுக்குக் காத்திராத கிளி!

மற்ற கிளிகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேச விழுப்புரம், திண்டிவனம் சீமை போதும். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் கிளியனூர் என்று ஓர் ஊர். தேவாரம் பெற்ற தலம் அது. பழைய பெயர் திருக்கிளியன்னவூர். கிளிமுகம் கொண்ட சுக முனிவர் வந்து வழிபட்ட இடம் என்பது ஸ்தல புராணம். மேற்கே திரும்பினால் திருவண்ணாமலை. அருணகிரிநாதர் கிளியுருவில் தங்கினாரென்று அங்கே ஒரு கோபுரத்துக்கே கிளிக் கோபுரம் என்று பெயர். திண்டிவனமோ புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணீவனம். பொந்து விழுந்த பழைய மரம் எங்கே உண்டோ அங்கே கிளி உண்டு. கிளி தானாகக் கூடு கட்டத் தெரியாத பறவை, மரப்பொந்தில்தான் முட்டையிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சீமையில் திருக்கோவலூர் இருக்கிறது. 1993-இல் தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் அமைத்தபோது அதோடு சேர்ந்திருந்து, 2019-இல் கள்ளக்குறிச்சி தனியாகப் போனபோது அதோடு போய்விட்ட ஊர். அங்கே தென்பெண்ணை ஆற்றுக்குள்ளே ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்று ஜனங்கள் சொல்கிறார்கள். பாரி மாண்டபின் அவன் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, கபிலர் இந்த இடத்தில் தீப்புகுந்தார் என்று ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அவ்வூர்க் கோயிலில் பேசுகிறது.

அந்தக் கபிலருக்கும் கிளிக்கும் சம்பந்தம் உண்டு. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டுக் கிடந்த நாட்களில், உள்ளே இருந்தவர்கள் பட்டினி கிடக்காமல் பறவைகளைப் பழக்கி வெளியே அனுப்பி நெற்கதிர் கொண்டுவரச் செய்தார்கள் என்பது கதை. சங்கப் பாட்டில் வருவது குருவி. வழிவழியாக வந்த கதையில் அது கிளியாகிவிட்டது. அதைப் பழக்கியவர் கபிலர் என்றும் ஆயிற்று. எந்தப் பறவையானால் என்ன? கிளிக்கு மனிதன் ஊட்டினான் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்; மனிதனுக்குப் பறவை ஊட்டிய கதை நம்முடைய பழைய கணக்கிலேயே இருக்கிறது.

இதே கபிலர்தான் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போன பெண்ணைப் பாடியவர். பரணில் ஏறி நின்றுகொண்டு தட்டையும் குளிரும் கவணுமாக அவள் காவல் காக்கிறாள். குறிஞ்சித் திணைப் பாட்டுக்களைப் படித்தால் காதலுக்கு வழிசெய்து கொடுத்ததே கிளிகள்தாம் என்று தோன்றும். கிளி தினையில் விழாவிட்டால் பெண்ணைக் காவலுக்கு அனுப்பவேண்டியதில்லை. அவள் போகாவிட்டால் தலைவன் அவளைப் பார்க்கப்போவதில்லை!

ஆனால் இந்தப் பாட்டுக்களில் நமக்கு வேண்டிய இன்னொரு சமாசாரமும் இருக்கிறது. அந்தக் கவிகள் கிளியை மரத்திலும் புனத்திலும் வைத்துப் பார்த்தவர்கள். அது என்ன தின்கிறது, எப்படிப் பிடித்துத் தின்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வளைந்த மூக்கில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் கிளியைப் பார்த்து, பொற்கொல்லன் நகத்தில் பிடித்த பொற்காசை நினைத்த ஒரு பாட்டு குறுந்தொகையில் இருக்கிறது. உவமையின் அழகு ஒருபுறம் இருக்கட்டும். பச்சைக்கிளி வேப்பம்பழம் தின்னும் என்பது சரியான பிராணி சாஸ்திரம். வேம்பு, ஆல், அத்தி, நாவல், தினை, சோளம், பூவின் தேன், இளந்தளிர், மொட்டு என்று பருவத்துக்கு ஒன்றாகத் தின்று திரிகிற பறவை அது. கசப்பும் உண்டு, துவர்ப்பும் உண்டு, இனிப்பும் உண்டு. ஒன்றில் இல்லாத சத்து மற்றொன்றில் இருக்கும். இன்றைய வைத்தியர்கள் சமச்சீர் உணவு என்று சொல்வதை, நாலு மரம் தாவிக் கிளி தானே சம்பாதித்துக்கொள்கிறது.

கூண்டுக்குள் வந்ததும் சங்கதி மாறிவிடுகிறது. அது இனி விருந்தாளி. விருந்தாளிக்கு அவரவர் வீட்டில் உள்ளதைத்தானே போடுவார்கள்? திண்டிவனத்தைச் சேர்ந்த கிடங்கிலும் அதைச் சுற்றிய பகுதியும் பழைய நாளில் ஓய்மா நாடு. அதை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஊருக்கு ஊர் சாப்பாடு மாறுகிறது. எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரில் சுட்ட மீன். வேலூரில் புளி சேர்த்த சோறும் இறைச்சியும். ஆமூரில் சோறும் நண்டும். எந்த நிலத்தில் எது விளைகிறதோ அதுவே உபசாரம். மனித விருந்தாளிக்கு இது பொருந்தும். அவன் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய்விடுவான். இருபது வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய கிளிக்கு, அத்தனை வருஷமும் நாம் வைத்ததுதான் கதி.

மேல்நாட்டாரும் இதே காரியத்தைத்தான் செய்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன், பாரசீக அரசனிடம் வைத்தியராக இருந்த டீசியஸ் என்ற கிரேக்கர் இந்தியக் கிளியைப் பற்றி எழுதி வைத்தார். இந்திய பாஷை பேசும் அந்தப் பறவை, கற்றுக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்பது அவர் வியப்பு. பிறகு அரிஸ்டாட்டில் எழுதினார்: இந்தப் பறவை மது குடித்தால் அதன் துடுக்கு அதிகமாகிவிடும் என்று. நாலு நூற்றாண்டு கழித்து ரோமாபுரியில் பிளினியும் அதையே சொன்னார். பச்சை உடம்பு, கழுத்தில் சிவப்பு வளையம், மது உள்ளே போனால் ஒரே கும்மாளம். பேசக் கற்றுக்கொடுக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் தட்டவேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்றும் எழுதியிருக்கிறார். கற்பிக்கும் முறையில் அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் ரோமாபுரிக்கும் அதிக தூரமில்லை போலிருக்கிறது!

அந்த மது எங்கெல்லாம் போயிற்று? விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இந்தப் பக்கத்திலிருந்து துணியும் மணியும் மிளகும் போக, அந்தப் பக்கத்திலிருந்து மது வந்தது. இந்தியாவிலிருந்து போன கிளி அந்த ஊரார் வீட்டில் அவர்களுடைய மதுவைக் குடித்தது. நாம் பால் வார்த்தோம். அவர்கள் மது வார்த்தார்கள். இரண்டுமே அவரவர் மேஜையிலிருந்து போனவை. இரண்டும் கிளிக்கு ஆகாதவை. பறவையின் சின்ன ஈரலுக்கு மது விஷம். ரோமாபுரியில் ஒருவர் மட்டும் விஷயம் தெரிந்தவராக இருந்தார். தன் காதலியின் கிளி இறந்ததற்கு இரங்கற்பா பாடிய ஓவிட் என்ற கவி, அது கொட்டையும் கசகசாவும் தின்று வெறும் தண்ணீர் குடித்துத் திருப்தியடைந்தது என்று எழுதினார். அங்கேயும் கவிதான் கவனித்திருக்கிறார். அதே நாட்டுச் சமையல் புஸ்தகம் ஒன்றில் பூநாரையைச் சமைக்கும் முறையைச் சொல்லி, கிளியையும் இப்படியே சமைக்கலாம் என்று எழுதியிருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாம் அந்த அளவுக்குப் போகவில்லை.

இனி நம் வீட்டுக் கூண்டுக்கே வருவோம். கிளிக்குப் பரம்பரை ஆகாரம் என்ன என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: கொய்யாப்பழம், மிளகாய்ப்பழம், வேர்க்கடலை. ஐந்நூறு வருஷங்களுக்கு முன் பிறந்த ஒரு தமிழ்க் கிளி இந்த மூன்றில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்காது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் போய்த் திரும்பிய பிற்பாடு, போர்ச்சுகீசியர் முதலானவர்களின் கப்பல்களில் இங்கே வந்து இறங்கியவை. மிளகைப் போல் காரமாக இருந்ததால் நாம் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். மக்காச்சோளமும் அப்படி வந்ததுதான். ஆண்டாள் கிளிக்கு உடம்பாக இருக்கும் மரவள்ளியும் அந்தக் கண்டத்துச் செடியே. பரங்கிக்காய், தான் எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது.

மிளகாய் விஷயத்தில் மட்டும் நம்முடைய பாட்டிமார் தெரியாமலே ஒரு நன்மை செய்தார்கள். மிளகாயின் காரம் நம் நாக்கைச் சுடுகிறது; எலியின் நாக்கையும் சுடும். பறவைக்கு அது உறைக்காது. காரத்தை உணரும் நரம்பின் வாசல் பறவைக்கு வேறு மாதிரி அமைந்திருக்கிறது. விதையைக் கடித்து நொறுக்கும் பிராணிகளைத் துரத்தவும், விதையை முழுசாகத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும் பறவைகளை விருந்துக்கு அழைக்கவும் செடி செய்துகொண்ட ஏற்பாடு என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். விதையையும் நொறுக்கிவிடுகிற கிளியைச் செடி எதிர்பார்த்திருக்காது; அது வேறு விஷயம். பழுத்த மிளகாயில் ஏ வைட்டமினாக மாறக்கூடிய சிவப்புச் சத்து நிறைய இருக்கிறது. கூண்டுக் கிளிக்கு மிகவும் குறைவாகக் கிடைப்பது அந்தச் சத்துத்தான். மிளகாய்ப்பழம் கொடுத்தால் கிளி நன்றாகப் பேசும் என்று நம்பிக் கொடுத்தார்கள். பேச்சு வந்ததோ என்னவோ, உடம்பு தேறியது.

வேர்க்கடலையின் கதை வேறு. இந்தச் சீமையில் அதை வேர்க்கடலை என்று சொன்னால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே அது மல்லாக்கொட்டை. மணிலாக் கொட்டை மருவி அப்படி ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண் மேடுகளில் இது பரவியது. பிரெஞ்சுக்காரர்களின் மார்சேல் நகரத்துச் செக்குகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் போயிற்று. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது இந்த வியாபாரத்துக்கு நல்ல வழியாக அமைந்தது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே தேர்ந்தெடுத்த ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துக்களோடு நாடு முழுவதும் போயின. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தின் சுருக்கந்தான். களத்தில் மல்லாக்கொட்டை குவிந்து கிடக்கிற வீட்டில் கிளிக்கு வேறென்ன போடுவார்கள்?

கிளிக்கும் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மல்லாக்கொட்டையின் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். பச்சைக்கிளி என்பது மொத்தம் 120 கிராம் கனமுள்ள பறவை. அதற்கு 5 கிராம் கொட்டை கொடுப்பது, 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு இரண்டரைக் கிலோ கொடுப்பதற்குச் சமம். பறந்து திரியும் பறவைக்கு உடம்பில் தீ வேகமாக எரிவதால் ஓரளவு தாங்கும். இரண்டடிக் கூண்டில் ஒரே குச்சியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பறவை அந்த எண்ணெயை எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கும்? ஈரலைச் சுற்றிக் கொழுப்பாகப் படிகிறது. ஒரு நாள் காலையில் குச்சியிலிருந்து விழுந்து கிடக்கும். "நேற்றுகூட நன்றாகத் தின்றதே!" என்பார்கள். நன்றாகத் தின்றதுதான் காரணம்.

மல்லாக்கொட்டையில் இன்னொரு அபாயமும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கச் செய்தவையும் பறவைகள்தாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. விசாரித்துக்கொண்டே போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. அதில் பூத்த பூஞ்சணம் ஒரு விஷத்தைச் சுரந்திருந்தது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். இன்று மனிதர் தின்னும் கடலைக்கும் அந்தப் பரிசோதனை உண்டு. நல்ல கொட்டையைச் செக்குக்கும் சந்தைக்கும் அனுப்பிவிட்டு, சூம்பலும் பூசணம் பிடித்ததுமாக ஒதுக்கியதைக் கூண்டில் போடுவது பலருக்கு வழக்கம். "பறவைதானே, பொறுக்கிக்கொள்ளும்" என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விஷத்தை எந்தப் பறவையும் பொறுக்கி ஒதுக்க முடியாது.

பிறகு சூரியகாந்தி வந்தது. 1969 முதல் நம் நாட்டில் எண்ணெய்க்காகப் பயிராயிற்று. கடைக்காரர்கள் கிளித் தீனி என்று பொட்டலம் கட்டி விற்கிற கலவையில் முக்கால்வாசி அதுதான் தெரிகிறது. கிளி அந்தக் கலவையைத் தின்கிற விதத்தைக் கவனித்தால், மிக்சர் தட்டில் முந்திரிப் பருப்பை மட்டும் பொறுக்கும் பையனின் ஞாபகம் வரும். சூரியகாந்தியைத் தின்றுவிட்டு மற்றதைக் காலால் கீழே தள்ளிவிடும். கிண்ணம் காலியாயிற்று என்று வீட்டார் மறுபடி நிரப்புவார்கள். வெறும் விதை தின்று வாழும் கிளிக்கு ஏ வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் சேராது. வாயில் வெள்ளைப் புண், கண்ணோரம் வீக்கம், மூச்சிரைப்பு, மெல்லிய ஓட்டு முட்டை, உதிரும் இறகு, இவையெல்லாம் அந்தக் குறையின் வேஷங்கள். வயிறு நிறைந்த பஞ்சம் என்று இதைச் சொல்லலாம்.

இந்தச் சரித்திரத்தில் எல்லாரையும் விடக் குறைவாகக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. மரத்தடியிலும் கோயில் வாசலிலும் பஸ் நிலையத்திலும் சின்ன மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த கிளி ஜோசியர். கிளி வெளியே வந்து, அடுக்கிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு நெல்மணியைக் கூலியாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பத்துப் பேருக்குப் பலன் சொன்னால் பத்து நெல். இவ்வளவு மலிவாக வேலை செய்த ஊழியன் வேறு எந்தத் தொழிலிலும் கிடையாது. ஆனால் ஜோசியரையும் குறை சொல்லித் தீர்த்துவிட முடியாது. கிளி பட்டினி கிடந்தால் அவர் வீட்டு அடுப்பும் எரியாது. தன் சாப்பாட்டில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்தவர்தான் அவர். அவர் சாப்பாடே அரைவயிறு என்பதுதான் விஷயம்.

2024 ஏப்ரல் மாதம் மக்களவைத் தேர்தல் சமயத்தில், பக்கத்துக் கடலூர்த் தொகுதியில் வேட்பாளராக நின்ற திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சான் ஒரு கிளி ஜோசியரிடம் பலன் கேட்டார். கிளி எடுத்த சீட்டைப் பார்த்து வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். படம் எங்கும் பரவியது. உடனே வனத்துறையினர் வந்து ஜோசியரைப் பிடித்தார்கள், கிளிகளைக் கைப்பற்றினார்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991 வாக்கில் நாட்டுப் பறவை வியாபாரத்துக்கு வந்த முழுத் தடை, 2022-இல் செய்த திருத்தத்தில் பச்சைக்கிளிக்கு இரண்டாம் அட்டவணையில் இடம் என்று படிப்படியாக அது இறுகி வந்திருக்கிறது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் இன்று குற்றம். வேட்பாளர் தேர்தலில் தோற்றார். சீட்டு எடுத்த கிளிக்கும் பலன் கேட்டவருக்கும் பலன் சொன்னவருக்கும் ஆக மூவருக்கும் அந்தச் சீட்டு சரிப்பட்டு வரவில்லை.

சட்டம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கைப்பற்றியதோடு கதை முடிவதில்லை. இறக்கை வெட்டப்பட்டு வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் இருந்த கிளியைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டால், அது வேப்ப மரத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும். ஆகாரம் கிண்ணத்தில் வரும் என்றுதான் அதற்குத் தெரியும். வெட்டுண்ட இறகு உதிர்ந்து புதிது முளைக்க வேண்டும்; பெரிய கூட்டில் பறந்து பழக வேண்டும்; பழமும் கொத்துக் கதிருமாகக் கிளையோடு கட்டிவிட்டு, தேடித் தின்னக் கற்பிக்க வேண்டும். ஆகவே கிளிக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி சட்டம் வந்த பிறகும் தீரவில்லை. மீட்ட கிளிகளைப் பராமரிப்பவர்களுக்கு அது வேண்டும். அனுமதியோடு வெளிநாட்டு ஜாதிக் கிளிகளை வளர்ப்பவர்களுக்கும் வேண்டும்.

விடை ஒன்றும் பெரிய ரகசியமல்ல. கிண்ணத்தில் பாதிக்கு மேல், கிளிகளுக்கென்றே சத்து அளந்து செய்கிற உருண்டைத் தீனியாவது, வேகவைத்த தானியமும் முளைகட்டிய பயறுமாவது இருக்கட்டும். கம்பு, தினை, கேழ்வரகு, சோளம் எல்லாம் ஆகும். அடுத்த பங்கு காய்கறியும் கீரையும்: முருங்கைக்கீரை, பரங்கிக்காய், காரட், பழுத்த மிளகாய். பழம் கொஞ்சம்: கொய்யா, பப்பாளி, நாவல். மல்லாக்கொட்டையும் சூரியகாந்தியும் பண்டிகைப் பலகாரம் மாதிரி. சொன்ன பேச்சைக் கேட்டதற்கு ஒன்றிரண்டு போதும். சுண்ணாம்புச் சத்துக்கு மரக்காணம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு இருக்கிறது. நாட்டு வைத்தியர்கள் கடல்நுரை என்பார்கள். உப்பு நீங்கக் கழுவி வெயிலில் காயவைத்துக் கூண்டில் செருகிவிட்டால் கிளி கொறித்துக்கொள்ளும். அதே மரக்காணத்து உப்பளத்து உப்பு மட்டும் கூடாது. முறுக்கும் ஊறுகாயும் நமக்குத்தான். சாக்லேட், காப்பி, மது, அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழம், ஆப்பிள் விதை இவை விஷம். நனைந்த தீனியை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் தினமும் புதிது.

சென்னை ராயப்பேட்டைப் பக்கத்தில், கேமரா பழுது பார்க்கும் தொழில் செய்த ஒருவர் 2004 சுனாமிக்குப் பின் மாடியில் அரிசி வைக்க ஆரம்பித்தார். முதலில் ஒன்றிரண்டு கிளிகள் வந்தன. வருஷங்கள் போகப்போக ஆயிரக்கணக்கில் வந்தன. காலையும் மாலையும் பலகைகளில் ஊறவைத்த அரிசியைப் பரப்பி, வருமானத்தில் பெரும் பங்கை அதற்கே செலவழித்தார். வெறும் அரிசியில் ஏ வைட்டமின் கிடையாது. சுண்ணாம்பும் மிகக் குறைவு. கூண்டில் அதை மட்டுமே கொடுத்திருந்தால் அத்தனை கிளிகளும் நோயில் விழுந்திருக்கும். அந்த மாடியில் விழவில்லை. காரணம், அரிசியைத் தின்றுவிட்டு அவை பறந்து போயின. மிச்சச் சாப்பாட்டை ஊரிலுள்ள மரங்கள் போட்டன. கதவு இல்லாத வீட்டில் விருந்து வைப்பவன் சமையலில் கொஞ்சம் பிசகினாலும் பாதகமில்லை.

அப்படியானால் இருக்கவேண்டியது மரம். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் சாலை நான்கு வழியாக அகலமானபோது, பொந்து விழுந்த புளியமரங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. சாலை வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மரங்கள் கிளிகளுக்குப் பிள்ளை பெறும் வீடுகள். பொந்து விழ ஒரு மரத்துக்குப் பல பத்து வருஷம் ஆகும். வெட்ட அரை நாள் போதும். ஒரு கிளியைக் கூண்டில் வைப்பவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. நூறு கிளிகளின் சமையலறையை அறுத்துத் தள்ளினால் பிடிக்க ஆளில்லை.

நம் பழமொழி ஒன்று கிளியைப் பைத்தியக்காரனாக்கி வைத்திருக்கிறது. இலவம் காய் பழுக்கும் என்று காத்திருந்து, அது வெடித்துப் பஞ்சாகப் பறந்ததும் ஏமாந்து நின்றதாம் கிளி. உண்மையில் இலவ மரம் பூத்து நிற்கிற மாசத்திலேயே கிளி அங்கே வந்துவிடுகிறது. பூவுக்குள் தலையை விட்டுத் தேனைக் குடிக்கிறது, இதழையும் தின்கிறது. காய் வெடிக்கிற நாளில் அது அடுத்த மரத்தில் இருக்கும். மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தவன் மனிதன். எந்த மரத்தில் எந்த மாசம் என்ன கிடைக்கும் என்பது கிளிக்கு எப்போதும் தெரியும். அதற்குப் போக வழி விட்டால் போதும்.